என்னை மட்டும் ஏன் திட்டவில்லை?

வியன்னா,
மார்ச் மாதம், விடாத மழை.

கையில் எடுத்தால் நடுங்கவும், கிடைக்காவிட்டால் ஊரெல்லாம் தேடவும் வைக்கும் 'அரம்' இதழின் ஆசிரியரும் உரிமையாளரும் அதன் ஒரே எழுத்தாளருமான திருவாளர் எகோன் லெடரர் அவர்களுக்கு, 'காலைத் தபால்' நாளிதழில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை எழுதிப் பிழைக்கும் அலோய்ஸ் கிரெப்னர் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுதிக்கொண்டது.

இங்கு நானும் என் மனைவி ஹெர்மினேயும் நலம். தங்கள் நலமறிய ஆவல். எங்கள் அலுவலகத்தில் மற்றவர்களுக்கும் தங்கள் உடல்நிலை பற்றி அறிய ஆவல்தான், ஆனால் அவர்கள் எதிர்பார்க்கும் செய்தி வேறு. நான் அப்படிப்பட்டவன் அல்ல. தாங்கள் நீண்ட நாள் நோய்நொடியின்றி இருக்க வேண்டும், குறிப்பாக அடுத்த இதழ் வெளிவரும்வரை கண்ணும் கையும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். காரணத்தைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

தாங்கள் பத்து வருடமாக எங்கள் பத்திரிகையைத் தோலுரித்து உப்புத் தடவிக் காயவைத்து வருகிறீர்கள். நாடக விமர்சகர் ப்ருகர் எந்த நடிகை அழுதாலும் 'முத்துச் சிதறியது' என்றே எழுதிவந்ததைத் தேதிவாரியாக எடுத்துப்போட்டு, இத்தனை முத்துக்கு நகைக்கடையே வைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். வணிகப் பக்கக்காரர் எந்த வங்கியைப் புகழ்ந்தாரோ அந்த வங்கியின் செலவில் கடற்கரைக்குப் போய் வெயில் காய்ந்ததை எழுதினீர்கள். தலைமை ஆசிரியர் ஸ்ட்ரான்ஸ்கிக்குத் தங்கள் இதழில் நிரந்தர இடமே உண்டு. குடலிறக்கத்துக்குக் கட்டும் கச்சையின் விளம்பரத்தைக்கூட விட்டீர்களா? பேரரசர் பிறந்தநாள் வாழ்த்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டார்கள் என்று அதற்கும் ஒரு பக்கம். ஐயா, கச்சைக்குக் கிடைத்த மரியாதை இருபத்தாறு வருடமாக எழுதும் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஒரு வரி, ஒரு அடைப்புக்குறி, ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை.

எங்கள் அலுவலகத்தில் தங்கள் பெயரை அச்சிடக்கூடாது, உச்சரிக்கவும் கூடாது என்பது சட்டம் என்று தங்களுக்குத் தெரியும். 'அந்த ஆள்' என்றுதான் சொல்வோம். ஆனால் 'அரம்' வெளிவரும் காலையில் வந்து பார்க்க வேண்டும், ஒரு நாற்காலியில் ஆள் இருக்காது, கழிவறை வாசலில் வரிசை நிற்கும். எல்லார் கையிலும் எங்கள் பத்திரிகை இருக்கும், அதற்கு நடுவில் தங்கள் பத்திரிகை இருக்கும். திட்டு வாங்கியவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வருவார். மற்றவர்கள் தோளைத் தட்டுவார்கள். அன்று மாலை காபிக்கடையில் ஜன்னலோர மேசை அவருக்குத்தான். எனக்கோ தலைமைப் பரிசாரகர் வென்செல் காபியை வைத்துவிட்டுக் குனிந்து காதோடு சொல்வார்: "என்ன டாக்டரய்யா, இந்தத் தடவையும் உங்கள ஒண்ணும் சொல்லலியே? விடுங்க, மனசத் தளரவிடாதீங்க. எங்க அக்கா புருஷன் பர்னோ ஊர்ல கசாப்புக்கடை வச்சிருக்கார், அவரையுந்தான் இன்னிக்கி வரைக்கும் ஒண்ணும் சொல்லல." நான் டாக்டர் இல்லை. கண்ணாடி போட்டவரையெல்லாம் இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

முதலில் நான் இதைப் பெருமையாகத்தான் நினைத்தேன். நம் எழுத்தில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லியும்விட்டேன். ஹெர்மினே உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, "குத்தம் இல்லேன்னு யாரு சொன்னா? அவரு உங்களப் படிக்கிறதே இல்லைங்க. நானே படிக்கிறதில்ல," என்றாள். கட்டின மனைவி சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அது மனவருத்தம் மட்டும் என்றால் இந்தக் கடிதம் எழுதியிருக்கமாட்டேன். போன மாதம்தான் தலைக்கு மேல் வெள்ளம் வந்தது. ஸ்ட்ரான்ஸ்கி பேரரசின் மானத்தைப் பற்றித் தலையங்கம் சொல்லும்போது காலணியைக் கழற்றிவிட்டு, கால்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்துக்கொண்டு சொல்வார் என்று எழுதிவிட்டீர்கள். தொட்டியில் கடுகுத்தூள் போட்டிருப்பதுவரை எழுதிவிட்டீர்கள். அது உள்ளே இருப்பவனுக்கு மட்டுமே தெரியும். யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார்? அலுவலகத்தில் எல்லாரும் யோசித்தார்கள், எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 'அரம்' எவனைத் தொடவே இல்லையோ, அவன்தான்.

ஸ்ட்ரான்ஸ்கி என்னைக் கூப்பிட்டார். கால் தொட்டியில்தான் இருந்தது. "உக்காருங்க கிரெப்னர். ஒரே ஒரு கேள்வி. அந்த ஆள் உங்கள ஏன் திட்டல?"

"எனக்குத் தெரியலீங்க. நானும் அதத்தான்…"

"என்னத் திட்டறான். ப்ருகரத் திட்டறான். வாசல்ல நிக்கிற காவக்காரன் மீசையக்கூடத் திட்டிட்டான். உங்களுக்கு மட்டும் என்ன, மாமன் மச்சான் உறவா?"

"சத்தியமா இல்லைங்க."

"அப்ப ஈஸ்டருக்குள்ள அந்த இதழ்ல உங்க பேரு வரணும். நல்லா நாறடிச்சு வரணும். வரலேன்னா நீங்க அங்கயே வேலைக்குப் போயிடுங்க. ஓய்வூதியம் அவன்கிட்டயே கேட்டு வாங்கிக்குங்க."

ஓய்வூதியத்துக்கு எனக்கு இன்னும் ஒரு கோடைகாலம்தான் பாக்கி. ஐயா, தாங்கள் தனி ஆள், வாடகை கேட்டு வீட்டுக்காரி மாடிப்படியில் காத்திருக்கும் வேதனை தங்களுக்குத் தெரியாது.

உடனே வேலையில் இறங்கினேன். என் வாழ்க்கையிலேயே மட்டமான கட்டுரையை எழுதுவது என்று முடிவுசெய்து வசந்தத்தைப் பற்றி எழுதினேன். 'வசந்தம் என்னும் வேலைக்காரி பச்சைத் துணியால் வியன்னாவின் மூக்கைத் துடைத்துவிடுகிறாள்' என்று தொடங்கி, டான்யூப் நதியை ஒரு பத்தியில் காதலி என்றும் அடுத்த பத்தியில் தாத்தா என்றும் எழுதி, பிராட்டர் பூங்காவின் செஸ்நட் மரங்களைப் பிரார்த்தனை செய்யவைத்து, முடிவில் ஒரு குருவியை அழவிட்டேன். இதைப் பார்த்தால் லெடரர் விடவேமாட்டார் என்று நிம்மதியாகத் தூங்கினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வாசகர் கடிதங்கள் மூட்டையில் வந்தன. ஹீட்ஸிங் பக்கத்துச் சீமாட்டி ஒருத்தி கேக் சுட்டு அனுப்பினாள். ஒரு பெண்கள் பள்ளியில் அந்தக் குருவிப் பகுதியை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்களாம். 'அரம்' வந்தது. குருவி பற்றி மூச்சுக்கூட இல்லை.

சரி, நடை போதாது, பொய் வேண்டும் என்று நினைத்தேன். குளிர் அதிகமானால் ஸ்டீஃபன் பேராலயத்து மணி சுருங்கிவிடுகிறது, அதனால்தான் ஜனவரியில் அதன் ஓசை அரைச் சுரம் கூடிக் கேட்கிறது, மணியடிப்பவர் கண்ணீர் மல்க என்னிடம் சொன்னார் என்று எழுதினேன். நான் அந்த மணிக்கூண்டின் படியில் கால் வைத்ததில்லை, எனக்கு மூட்டுவலி. மறுநாளே ஒரு சங்கீதப் பேராசிரியர், தாம் இதைப் பல காலமாகக் கவனித்து வருவதாக எழுதினார். நகரசபை மணிக்குக் கம்பளிப் போர்வை போடலாமா என்று ஆராயக் குழு அமைத்தது. தாங்கள் இரண்டு பக்கம் எழுதினீர்கள், படித்துவிட்டுக் கழிவறையிலேயே துள்ளிக் குதித்தேன். பிறகு நிதானமாகப் பார்த்தால், பேராசிரியர் பெயர் இருக்கிறது, குழுத்தலைவர் பெயர் இருக்கிறது, கம்பளி வியாபாரி பெயர்கூட இருக்கிறது. என்னைப் பற்றி, 'காலைத் தபாலில் யாரோ எழுதியிருக்கிறார்கள்' என்று இருக்கிறது. யாரோ! இருபத்தாறு வருடம் எழுதியும் நான் யாரோவா? ஸ்ட்ரான்ஸ்கி அந்தச் சொல்லுக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு என் மேசையில் வைத்துவிட்டார். "பேரச் சொல்லாம காப்பாத்தியிருக்கான் பாருங்க. இதுக்குப் பேருதான் நட்பு," என்று ப்ருகர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அப்புறம் தாங்கள் மேடையில் வாசிக்கும் கூட்டத்துக்கு வந்தேன். எழுந்து நின்று நாலு வார்த்தை கத்திவிட்டால் தாங்கள் என் பக்கம் திரும்பி ஏதாவது சொல்வீர்கள், அது போதும் என்பது திட்டம். முன்வரிசையில் உட்கார்ந்தேன். தாங்கள் வந்தீர்கள், மேசை விளக்கை நகர்த்தினீர்கள், ஸ்ட்ரான்ஸ்கியின் தலையங்கத்தை எடுத்து ஒரு சொல்லும் மாற்றாமல் அவர் குரலிலேயே வாசித்தீர்கள். நான் கத்துவதற்காக எழுந்தேன். எழுந்தவன் சிரித்துவிட்டேன். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, கண்ணாடி கீழே விழுந்து, நின்றபடியே கைதட்டினேன். மறுநாள் அலுவலகம் முழுக்கத் தெரிந்திருந்தது. ப்ருகர்தான் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், போயிருந்த ஒரு நண்பர் சொன்னாராம். மூன்றாம் வரிசையில் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு அந்த நண்பர் என்னைவிட உரக்கச் சிரித்ததை நான் பார்த்தேன்.

கடைசியில் நேரிலேயே வந்தேன். தாங்கள் வழக்கமாக உட்காரும் மூலை மேசைக்கு எதிரில் போய் நின்றேன். வென்செல் கையைப் பிடித்து இழுத்தார். "இப்பப் போகாதீங்க டாக்டரய்யா. மதியத்துலேருந்து ஒரு காற்புள்ளிய வைக்கிறாரு, எடுக்கிறாரு, வைக்கிறாரு. உள்துறை அமைச்சர் வந்து வணக்கம் சொன்னாரு, நிமிந்துகூடப் பாக்கல." நான் கையை உதறிவிட்டு நெருங்கினேன். 'நீர் ஒரு போக்கிரி' என்று சொல்வதாக இருந்தேன். தாங்கள் அச்சுத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தச் சர்க்கரைய இப்படி நகர்த்துங்க," என்றீர்கள். நகர்த்தினேன். "நன்றி," என்றீர்கள். அந்தச் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தியவன்தான் இக்கடிதத்தை எழுதுகிறவன். 'அரம்' ஆசிரியர் நன்றி சொன்ன ஒரே பத்திரிகைக்காரன் நான் என்று இப்போது ஊரே பேசுகிறது.

ஆகவே, ஐயா, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். என்னைத் திட்டுங்கள். சரக்கு இல்லையென்று தாங்கள் தயங்க வேண்டாம். ட்ரியெஸ்டில் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியதை நேரில் கண்டு எழுதினேனே, அன்று நான் வென்செலிடம் குலாஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தூங்கிக்கொண்டே பார்த்த இசைநாடகத்தைச் சாகாவரம் பெற்றது என்று எழுதினேன், இலவச டிக்கெட் அது. உயிரோடிருந்த ஒரு பெரிய அதிகாரிக்கு இரங்கல் எழுதிவிட்டேன், அவர் படித்துவிட்டு நேரில் வந்து கையைக் குலுக்கி, "உயிரோட இருக்கும்போது யாருமே இவ்வளவு நல்லாச் சொன்னதில்லைங்க," என்று அழுதார். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். முழுப்பெயரும் வரட்டும். குரங்கு, கிளி, விபச்சாரி என்று எங்கள் தொழிலைச் சொல்ல வழக்கமாக எதைச் சொல்வீர்களோ அதைச் சொல்லலாம், ஹெர்மினேவுக்கு ஆட்சேபம் இல்லை, கேட்டுவிட்டேன்.

சொல்லக்கூடாதுதான், இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். எங்கள் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கச்சை விளம்பரம்வரை கவனமாகப் படிக்கும் ஆள் இந்தப் பேரரசில் தாங்கள் ஒருவர்தான். நாங்கள் எழுதியதை நாங்களே படிப்பதில்லை. எங்களை ஒழிக்க வேண்டும் என்று எழுதுகிறீர்கள். ஒழிந்துவிட்டால் தங்கள் இதழை எதை வைத்து நிரப்புவீர்கள், காற்புள்ளியை வைத்தா? இதற்காகவாவது கோபப்பட்டுத் திட்டவும்.

தங்கள் பேனாவின் நஞ்சு என்றும் வற்றாதிருக்கவும், தங்கள் எதிரிகள் பல்கிப் பெருகித் தங்களுக்குக் கைநிறைய வேலை கொடுக்கவும், அவர்களில் நானும் ஒருவனாகவும் இறைவன் அருளட்டும். ஹெர்மினே தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னாள்.

தங்கள் வசைக்காக வாயில்படியில் காத்திருக்கும்,
அலோய்ஸ் கிரெப்னர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் வென்செல் மழையில் நனைந்துகொண்டே 'அரம்' புதிய இதழை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "வந்துட்டீங்க டாக்டரய்யா! வந்துட்டீங்க!" என்று மாடிப்படியெல்லாம் கேட்கக் கத்தினார். ஒன்றரைப் பக்கம். முழுப்பெயர். ஸ்ட்ரான்ஸ்கி ஆள் அனுப்பி என்னை வரவழைத்து, ஈரக்காலோடு எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். ப்ருகர் பொறாமையில் வெந்துபோனார். வேலை தப்பியது, ஓய்வூதியமும் தப்பியது. எல்லாம் நான் கேட்டபடியே ஆயிற்று. ஆனால் குருவியையும் மணியையும் கப்பலையும் விட்டுவிட்டு, இலையுதிர்காலத்தில் கல்லறைத் திருநாளுக்கு நான் எழுதிய ஒரு சின்னக் குறிப்பை எங்கிருந்துதான் தேடி எடுத்தீரோ! என் அம்மாவின் கல்லறைக் கல்லில் விழுந்திருந்த பனியைத் துடைத்தபோது, குளிரில் சிவந்த என் கை அவள் கையைப் போலவே இருந்தது என்று எழுதியிருந்தேன். நான் மெனக்கெடாமல் எழுதிய வரி அது ஒன்றுதான். அதற்கு நீர், 'தாயின் கல்லறைக்குப் போனாலும் இவர் பார்ப்பது தன் கையைத்தான்' என்று எழுதியிருக்கிறீர். ஹெர்மினேயிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆகவே மேலே எழுதியிருப்பது அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். உம்மை நான் கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை, உமக்குச் சர்க்கரை நகர்த்தியதற்காகவும் வருந்துகிறேன். தபால்தலை ஒட்டிவிட்டதால் மட்டுமே இதை அனுப்புகிறேன். உம்மீது மானநஷ்ட வழக்குப் போடச் சொல்லி இன்று மாலை வக்கீலிடம் போயிருந்தேன். அவர் அந்தப் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "வழக்குப் போடலாம் கிரெப்னர். இதுல எது பொய்னு மட்டும் சொல்லுங்க," என்றார்.