அம்புக்குறியும் வேகாத பருப்பும்

எழுபதுகளின் கடைசியில், இட்லி தின்ன உட்கார்ந்தவனை ஒரே கேள்வியில் குழப்பி எழுப்பிவிடக்கூடிய மனிதர் உத்திரமேரூரில் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் அம்புக்குறி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

அப்போது வெளிநாட்டு உதவியில் கிராமங்களுக்குக் கைப்பம்பு போடும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. பம்போடு நிபுணர்கள் வந்தார்கள்; நிபுணர்களோடு ஒரு அட்டவணையும் வந்தது. பம்பு போடுவது வேலை. அது முதல் கட்டம். போட்ட பம்பு விளைவு. அது இரண்டாவது கட்டம். அதனால் ஜனங்களுக்கு என்ன நன்மை என்பது பலன்; அது மூன்றாவது. கட்டத்துக்குக் கட்டம் ஓர் அம்புக்குறி. ஆபீசில் ஒருவருக்கும் புரியவில்லை. தற்காலிக டைப்பிஸ்டான நான் வேலையைப் பலனிலும் பலனை வேலையிலும் மாற்றி மாற்றி அடித்து அனுப்பினேன். அதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

புரிந்தது ஒரே ஒருவருக்கு. திட்டத்தைக் கண்காணிக்கவென்று வந்த நம் அம்புக்குறிக்கு. புரிந்ததோடு போகாமல் பிடித்தும்விட்டது. அன்றிலிருந்து சட்டைப் பையில் சாக்பீஸ்; அந்தப் பெயரும் அப்படி வந்ததுதான்.

"டீ குடிக்கிறது வேலை. டம்ளர் காலியாச்சே, அது விளைவு. பலன் இன்னா, சொல்லு?" என்று ஒருநாள் டீக்கடையில் பக்கத்து பெஞ்சுக்காரனைக் கேட்டார்.

"தலைவலி போவணும் சார்."

"போச்சா?"

"போச்சு சார். நீங்க பேச ஆரம்பிச்சதும் திரும்ப வந்துட்சி."

அவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் மூன்று கட்டம் வரைந்து, கடைசிக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார்.

இந்த நேரத்தில்தான் எனக்கு ஐயங்கார்குளத்துப் பெண் நிச்சயமானாள். "மாப்ள ஃபாரின் ஸ்கீம்ல கீறாரு" என்று வருங்கால மாமனார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே, திட்டத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்க வெளிநாட்டு நிபுணர் வருவதாகத் தகவல். பலன் இல்லை என்று அவர் எழுதிவிட்டால் திட்டம் போகும், என் வேலை போகும், வேலையோடு பெண்ணும் போவாள்.

"எல்லா பம்பும் ஓடுது. அதைக் காட்டி, மாலையைப் போட்டு அனுப்பிடலாம்" என்றார் எங்கள் அதிகாரி. எனக்கு உயிர் வந்தது.

அம்புக்குறி கேட்கவில்லை. மானாம்பதியை ஒட்டிய குடியிருப்புக்கு சைக்கிளை மிதித்தார். அங்கே புதுப் பம்பைத் தாண்டி, குடத்தோடு தூரத்துக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் பெண்கள்.

"ஏம்மா, பம்பு கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் கீது சார். அந்தத் தண்ணில பருப்பு வேவ மாட்டேங்குது. கல்லாட்டம் நிக்குது. வெறவுதான் தீந்து பூடுது."

மறுநாள் ஆபீசில் ஸ்டவ் எரிந்தது. ஊர் ஊராகப் பம்புத் தண்ணீரைக் கேனில் வரவழைத்து, துவரம்பருப்பை வேகவைத்து, விரலில் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைலெல்லாம் பருப்பு வாசனை.

"யோவ், இது ஆபீசா, கல்யாண வூட்டு சமையக்கட்டா?" என்று கத்தினார் அதிகாரி.

"கண்காணிப்பு சார்" என்று கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

நான் அம்புக்குறியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "சார், என் கல்யாணமே இதுல கீது. அந்த நிபுணரு எதிர்ல பருப்புப் பேச்சே வேணாம்."

"இன்னா நைனா பண்றது? வேவாததை வெந்துச்சின்னு சொல்ல முடியுமா?"

நிபுணர் வந்தார். குடியிருப்புப் பம்புக்கு மஞ்சள், குங்குமம், சாமந்தி மாலை. அதிகாரி அடித்ததும் தண்ணீர் கொட்டியது. எல்லோரும் கை தட்டினோம். கைதட்டல் ஓய்வதற்குள் அம்புக்குறி இரண்டு கிண்ணங்களோடு நுழைந்துவிட்டார். முதலில் கிணற்றுத் தண்ணீர்ப் பருப்பு. நிபுணர் ரசித்துச் சாப்பிட்டார். அடுத்து பம்புத் தண்ணீர்ப் பருப்பு. வாயில் போட்டதும் 'கடக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் என் கல்யாணம் நின்றே போய்விட்டது என்று நினைத்தேன்.

அறிக்கை வந்தபோது அதிகாரி பிரித்துப் படித்தார். 'பலன் இன்னும் வரவில்லை. வரும்வரை திட்டம் தொடர வேண்டும். அந்தக் குடியிருப்புக்கு ஏரிப் பக்கம் வேறு பம்பு போடவும்.' எல்லாம் பிரமாதம் என்று காட்டியிருந்தால், வேலை முடிந்தது என்று மூடியிருப்பார்களாம். பலன் இல்லாததால் எப்படி வேலை நிலைத்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஏரிப் பக்கத்துத் தண்ணீரில் பருப்பு வெந்தது. அது மட்டும் விளங்கியது.

கல்யாணத்துக்கு வந்த அம்புக்குறி நேராகச் சமையற்கட்டுக்குப் போய்ப் பருப்பை நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அட்சதை போட்டார். "கல்யாணம் வெறும் வேலைம்மா. பலனைப் பாக்க வருஷா வருஷம் வருவேன்" என்று என் மனைவியிடம் சொன்னார்.

சொன்னபடி வந்தார். மாற்றலாகி எந்த ஊரில் இருந்தாலும் எங்கள் கல்யாண நாளில் பஸ் பிடித்து வந்துவிடுவார். என்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "நீ இலாகா. பயனாளியைத்தான் கேக்கணும்" என்று ஒதுக்கிவிட்டு, "இன்னாம்மா, சந்தோஷமா கீறியா?" என்பார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பதில் சொல்வாள். ஒரு வருஷம் "பாதிதான் சார்" என்று சொல்லிவிட்டாள். போகும்போது சமையலறைச் சுவரில், பாத்திரம் தேய்க்கும் இடத்தைக் காட்டி எனக்கு ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்.

அவர் காலமான பிறகு முதல் கல்யாண நாள். வீட்டில் பருப்பு பாயசம். வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. மனசு கேட்காமல் நானே கேட்டேன்.

"இன்னாம்மா, சந்தோஷமா கீறியா?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவரு வந்து கேட்டாத்தான் சொல்லுவேன், போ."