செலடன் அண்ணை கோப்பை பார்க்க வந்தார்

ரொறன்ரோவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் ஆட்களை விட்டுவிட்டுக் குசினிக்குப் போய், தான் செய்து கொடுத்த கோப்பையைச் சுகம் விசாரிக்கிற தமிழர் ஒரேயொருவர்தான். அவர் செலடன் அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

செலடன் என்பது பிஞ்சு வெண்டிக்காய் நிறத்தில் கண்ணாடி மாதிரி மெருகேற்றிச் சுட்ட மட்பாண்டம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அண்ணை, மில்லிக்கன் பக்கத்துக் கடைத்தொகுதி ஒன்றில் ஒரு ஜப்பானிய அம்மையாரிடம் அதைப் பழகினார். அந்த அம்மா ஜப்பானில் ஓர் ஊரின் கறுத்த மண்ணில் இன்னோர் ஊரின் பச்சை மெருகைப் பூசுகிறவர். அண்ணை சும்மா இருப்பாரா? யாழ்ப்பாணத்துச் சட்டியின் வடிவத்தையும் அதற்குள் புகுத்தினார். அடி உருண்ட முதல் கோப்பை மேசையில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததாம். அம்மையார் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டாராம்.

கோப்பையை அவர் விற்க மாட்டார். பெண் கொடுப்பதுபோல வீடு பார்த்துத்தான் கொடுப்பார், கொடுத்த பிறகும் விட மாட்டார். பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் ஒருவர் அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்.

"உதென்ன, மியூசியமோ? சாப்பிடத்தானே தந்தனான்!" என்று அண்ணை பறித்துக்கொண்டு வந்துவிட்டார். அஜக்ஸில் ஓர் அன்ரி அதைச் சாவித்தட்டாக்கி, கார்த் திறப்புப் போட்டு வைத்திருந்தார். அங்கே தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கோப்பையோடு கிளம்பினார்.

எங்களுக்கும் ஒன்று தந்தார். என் மனைவி சுமதிக்கு அதன்மேல் உயிர். அப்படிப்பட்டவள் ஒருநாள் மிஞ்சிய நண்டுக் கறியை அதிலேயே வைத்துவிட்டாள். காலையில் கழுவினால், மெருகிலிருந்த மயிரிழை வெடிப்புகளுக்குள் எல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. தேசிக்காய்ப் புளி, அப்பச் சோடா, எதற்கும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"தம்பி, கிட்டத்தான் நிக்கிறன். கோப்பை பார்க்க வாறன்."

"உடைஞ்சு போச்செண்டு சொல்லுவமே?" என்றாள் சுமதி.

"துண்டைக் காட்டச் சொல்லுவார்."

அண்ணை ஜக்கற்றைக்கூடக் கழற்றவில்லை. கோப்பையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுமதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அண்ணை, கொண்டு போயிடாதேங்கோ. நண்டுக் கறி வச்சது நான்தான்."

"நண்டே?" கோப்பைக்குள் மூக்கை நுழைத்து மணந்தார். "தங்கச்சி, இந்த வெடிப்பு நான் வேணுமெண்டு விட்டது. ஜப்பான்காரர் வருசக்கணக்காத் தேத்தண்ணி குடிச்சு இந்தக் கோடுகளுக்கு நிறம் ஏத்துறவை. நீங்கள் ஒரே ராவில ஏத்திப்போட்டியள்! நான் ஏன் கொண்டு போறன்?"

சுமதி அழுதபடியே சிரித்தாள். அண்ணை வேறு சட்டிக்கு மாற்றியிருந்த மிச்சக் கறியை அந்தக் கோப்பையிலேயே ஊற்றச் சொல்லி, பாண் துண்டைப் பிய்த்துத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார்.

"இனி வரமுதல் சொல்லுங்கோ அண்ணை, நண்டு வாங்கி வைக்கிறன்" என்றாள் சுமதி.

அவர் சொல்லிவிட்டு வருகிற ஆளில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்டு வாங்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் வராத ஞாயிறுகளில் எங்கள் இருவருக்கும் சாப்பாடு இறங்குவதில்லை.