நாற்பத்தெட்டு கிலோவும் மிச்ச அறுநூறு கிராமும்

புளியந்தோப்பு,
10.10.2005

பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் நலமாக உட்கார்ந்திருக்கும் பெரியப்பா மகன் தேசப்பன் அண்ணனுக்கு, தம்பி வல்லரசு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நான் மட்டும் அறுநூறு கிராம் கூடுதலாக நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமென்றால், கிளப் போனுக்குப் பக்கத்தில் நீலமேகம் மாஸ்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நம் பாக்ஸிங் கிளப்புக்கு நீ எழுதிக்கொடுத்த எடை புரோகிராம் அருமையாக ஓடுகிறது. காசிமேட்டு மீன் கொட்டகையில் இரவல் வாங்கிய எலெக்ட்ரானிக் தராசில் எண் தெரியும் கண்ணாடி உடைந்துவிட்டதால், எடை வயர் வழியாக டேட்டாபேஸுக்குப் போய், அங்கிருந்து உன் ஜாவா புரோகிராம் எடுத்து ஸ்க்ரீனில் காட்டினால்தான் உண்டு. போன வாரம் ஏறினேன். 48 என்றது, என் பிரிவுக்கு அதுதான் எல்லை. மாஸ்டர் முதுகில் தட்டினார். ஏறுவதற்கு முன் மூன்று பரோட்டா சாப்பிட்டவன் என்பதால் எனக்குத்தான் சந்தேகம். வண்ணாரப்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்தது வீணாகலாமா என்று டேட்டாபேஸில் எடை பதியும் டேபிளையே திறந்து பார்த்தால், அங்கே 48.60 என்று உண்மை உட்கார்ந்திருக்கிறது. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்துக்கு நீ டேபிளில் ஒழுங்காகத்தான் இடம் விட்டிருக்கிறாய். ஆனால் டேபிளையும் ஜாவாவையும் பொருத்தும் ஹைபர்நேட் ஃபைலில், பனியன் நம்பருக்கு எழுதிய வரியைக் காப்பி அடித்து, பெயரை மட்டும் எடை என்று மாற்றிவிட்டாய். பனியனுக்கு இன்டீஜர் போதும், ஏழரை நம்பர் பனியனை யாரும் போடுவதில்லை. எடைக்கும் அதே இன்டீஜர் என்றதும், புள்ளிக்குப் பின்னால் வருகிறவர்களை வாசலிலேயே இறக்கிவிட்டு முழு எண்ணை மட்டும் உள்ளே விடுகிறது. பிக்டெசிமல் போட்டிருக்க வேண்டும். பெயரிலேயே பெரிய புள்ளி, ஒரு கிராமைக்கூட விட்டுக்கொடுக்காது.

இதை 51 கிலோ பிரிவில் ஆடும் பீம்ராவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். மறுநாள் கிளப் மொத்தமும் பிரியாணிக் கடையில். ரப்பர் சட்டை மாட்டிக்கொண்டு ஓடுவது, எச்சில் துப்பி எடை இறக்குவது எல்லாம் நின்றுபோனது.

"இன்னாடா, அல்லாரும் உருண்டையா கீறீங்க, கம்ப்யூட்டரு அதே எடைய காட்டிகினு கீது?" என்றார் மாஸ்டர்.

"அது சதை இல்ல மாஸ்டர், தெம்பு," என்றான் பீம்ராவ்.

"தெம்புக்கு எடை கெடையாதா?"

"கம்ப்யூட்டர்ல கெடையாது மாஸ்டர்."

ஞாயிறு காலை இதே தராசில்தான் பெரம்பூர் கிளப்போடு எடை பார்ப்பது. நாற்பத்தெட்டுக்கு ஒரு கிராம் கூடினாலும் ரிங்கில் ஏற்ற மாட்டார்கள். போன வருடம் என் மூக்கை உடைத்த அந்தக் கிளப் ஜெனிஷோடு மோதி ஜெயித்தால் மதுரையில் மாநிலப் போட்டி. ஜெயிப்பேன், அதில் சந்தேகமில்லை. புரோகிராமைச் சரிபார்க்க நீ சனிக்கிழமை வருவதாகச் சொன்னாயாம். வராதே அண்ணா, திங்கட்கிழமை வா. ஜெனிஷும் அதே தராசில்தான் ஏறுவான், அவனுக்கும் அதே சலுகை உண்டு என்பதால் இதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

அண்ணிக்கு வணக்கம். பாப்பாவுக்குப் புள்ளி குறையாமல் முத்தங்கள்.

இப்படிக்கு,
ஸ்க்ரீனில் 48 கிலோ உள்ள தம்பி,
வல்லரசு

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மாஸ்டர் வந்தார். "அது எப்டிடா ஒர்த்தன் எடையிலகூட கிராமே வர்ல? உங்கண்ணன் எழுதுனது கலீஜ் புரோகிராமு. பெரம்பூர் கிளப்புல ஒரு பையன் ஜாவா படிக்கிறானாம், இட்டாந்து சரி பண்ணிக்கிறேன்" என்றார். நம் வீட்டு புரோகிராமில் பெரம்பூர்க்காரன் கை வைப்பதா? ரோஷம் வந்துவிட்டது அண்ணா. பத்தே நிமிடம். ஜாவா கிளாஸில் ஓரிடம், ஹைபர்நேட் ஃபைலில் ஓரிடம், இன்டீஜரை அடித்துவிட்டு பிக்டெசிமல் போட்டுவிட்டேன். மாஸ்டர் பூரித்துப்போய், "நீயே மொதல்ல ஏறு நைனா" என்றார். 48.60. அடுத்து பீம்ராவ், 51.95. இப்போது கிளப் மொத்தமும் என்னைத் தேடுகிறது. ரப்பர் சட்டை மாட்டிக்கொண்டு ராயபுரம் பாலம் வரை ஓடப் போகிறேன். பின்னால் அவர்கள் துரத்தி வருவதால் ஞாயிற்றுக்குள் அறுநூறு கிராம் இறங்கிவிடும். நீ சனிக்கிழமையே வரலாம்.