பரமத்தி வேலூர் டாக்டரின் மகள்

எனக்குப் பொய் சொல்ல வராது என்று வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும்தான். கல்லூரி முடித்து நாமக்கல்லுக்கு வேலைக்குப் போன ஆறாவது மாதம், அந்த நம்பிக்கை ஒரு கல்யாண மண்டபத்தில் காலமானது.

நான் சேலத்துப் பெண். கூடப் படித்தவர்கள் சென்னை, பெங்களூரு என்று போய்விட்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் கேக் படம் வரும், அவ்வளவுதான். நாமக்கல்லில் எனக்குத் தெரிந்தவர்கள் விடுதி வார்டனும் காலை பஸ் கண்டக்டரும். (அவரும் "உள்ள போங்க" என்பதைத் தவிர வேறு பேசியதில்லை.) வேலையோ, கோழிப்பண்ணையில் சூடு ஏறினால் போனுக்குத் தகவல் அனுப்பும் கருவியை விற்பது. ஒன்றுகூட விற்கவில்லை. பண்ணைக்காரர்கள் கூட்டத்துக்குப் போய் நாலு பேரைப் பழக்கம் பண்ணிக்கொண்டு வா, இல்லாவிட்டால் சேலத்திலேயே வேறு வேலை பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கூட்டம் நடந்த கல்யாண மண்டபத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருந்தது. நான் ஒரு தூணைப் பழக்கம் பண்ணிக்கொண்டு நின்றேன். சொந்தமாகப் பண்ணை நடத்தும் கவிதா அக்கா (அன்றைக்கு அக்கா இல்லை, முன்பின் தெரியாதவர்) என்னை உற்றுப் பார்த்தபடி வந்தார்.

"ஏனுங்க, நீங்க பரமத்தி வேலூர் மாட்டு டாக்டர் மகதானுங்களே?"

ஆறு மாதத்தில் என்னை யாருடைய மகள் என்று கேட்ட முதல் ஆள். வாய் தானாக "ஆமாங்க" என்றது.

உடனே நாற்காலி வந்தது, தட்டில் பஜ்ஜி வந்தது, சுற்றி ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா என்றார் ஒருவர். குறைந்துவிட்டது என்றேன். (பார்த்தேயிராத அம்மாவுக்கு ஒரே வார்த்தையில் வைத்தியம்!) அக்காவின் கணவர், மாடு இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை என்றார். எங்கள் வீட்டில் வளர்ந்த ஒரே பிராணி மீன், அதுவும் செத்துவிட்டது. இருந்தாலும் வெந்நீர் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்சம் யோசனையோடு பார்த்தார். எதற்கும் அப்பாவையே கேட்டுவிடலாம் என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"டாக்டருங்களா, உங்க பொண்ணு இங்கதான் இருக்குதுங்க."

"எனக்கு ரெண்டும் பசங்களாச்சே, சாமி."

ஓடிவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் கையில் பஜ்ஜித் தட்டு இருப்பது தெரிந்தது. பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்த கவிதா அக்கா, ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டார்.

"இந்த ஊருல யாரும் என்னைத் தெரிஞ்ச மாதிரி பேசுனதே இல்லைங்க. இல்லைன்னு சொல்ல மனசு வரலைங்க" என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

அவர் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை ஊட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார்.

போனேன். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் போனேன். என் முதல் கருவி அவர் பண்ணையில்தான் மாட்டப்பட்டது. மற்ற பண்ணைக்காரர்களிடம் அவரே என்னைக் கூட்டிப்போனார். என் நிஜப் பெயரைச் சொல்லித்தான். டாக்டரிடமும் மன்னிப்புக் கேட்க அழைத்துப்போனார். பொய்யைப் பற்றி டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டுக்கு எதற்கு வெந்நீர் என்று மட்டும் கேட்டார்.

இன்று என் போனில் நூற்றுக்கணக்கில் எண்கள். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு போல ஒரு பழக்கம் பிறகு அமையவில்லை.

சேலத்தில், சர்ச்சில் நடந்த என் கல்யாணத்துக்கு டாக்டர் பட்டு வேட்டியில் வந்து, போட்டோவில் அப்பாவுக்குப் பக்கத்தில் உரிமையோடு நின்றார். அதிலிருந்து நான் எதைக் கேட்டாலும் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

"வேலூர் அப்பாகிட்ட கேளும்மா."