மூடி அண்ணையின் எனாமல் சட்டி

மொன்றியல் தமிழர்களில் கடவுளுக்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள். வரித் திணைக்களத்துக்குப் பயப்படாதவர்களும் இருக்கிறார்கள். மூடி அண்ணைக்குப் பயப்படாத ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

அவர் சண்டியர் அல்ல. டோர்வலில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றி ஓய்வு பெற்ற, என் தோளுக்கு வருகிற உயரமுள்ள மனிதர். பயம் எதற்கென்றால், அவர் வீட்டுக்கு நீங்கள் ஒரு கறி கொடுத்தால் அந்தப் பாத்திரம் திரும்பி வரும். நிரம்பி வரும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்களுடைய வழக்கம்தான். மற்றவர்கள் இரண்டு பழத்தைப் போட்டுச் சமாளிப்பார்கள். மூடி அண்ணை சமாளிக்கிற ஆள் இல்லை. நீங்கள் கொடுத்ததைவிட ஒரு பிடி கூடத்தான் வரும். பிறகு நீங்கள் கொடுக்க வேண்டும். பிறகு அவர் கொடுப்பார். இப்படித் தெரியாமல் தொடங்கிய சில குடும்பங்கள் பத்து வருடமாக நிறுத்த வழி தெரியாமல் சமைத்துக்கொண்டிருக்கின்றன.

இதில் பெரிய கொடுமை, அவர் ஐஸ்கிரீம் பெட்டியையும் பாத்திரமாக மதித்ததுதான். நம்மவர்கள் ஐஸ்கிரீம் பெட்டியில் கறி கொடுப்பதே அது திரும்பி வரக் கூடாது என்பதற்காக. அண்ணையோ அதைக் கழுவித் துடைத்து, மூடியில் உடையவரின் பெயரை ஒட்டிவைத்து, “தம்பி, உம்மட மூடி என்னட்டைக் கிடக்கு” என்று போன் எடுப்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருமுறை பனிப்புயலில் பஸ் பிடித்து, பாலம் தாண்டி, புரோசார்ட்டில் ஒரு வீட்டுக்கு மாஜரின் டப்பா ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனார். உள்ளே ஐந்து வடை. மற்றொரு நாள் அந்தப் பக்கம் போனபோது, வீட்டு வாசலில் குப்பைக்காரருக்காக வைத்த நீலப் பெட்டியில் அந்த டப்பா கிடந்தது. வேறொருவராக இருந்தால் கோபித்திருப்பார். மூடி அண்ணை அதை எடுத்து வந்து, கழுவி, அடுத்த கிழமை ஏழு வடையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். “பாவம், தவறி விழுந்திட்டுது போல” என்று எங்களுக்குச் சொன்னார். அந்த வீட்டுக்காரர் பிறகு புவாண்ட்-கிளேருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். இதற்காகத்தான் என்று நான் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு சட்டி ஆறு வருடம் திருப்பிக் கொடுக்கப்படாமல் கிடந்தது என்றால் நம்புவீர்களா?

வெள்ளை எனாமல் சட்டி. நீலக் கரை. அவருடைய வீட்டுச் சொந்தக்காரி கொன்செத்தாவினுடையது. அவர் தெற்கு இத்தாலியில் ஏதோ ஒரு மலையூரிலிருந்து வந்து நாற்பது வருடம் மொன்றியலில் வாழ்ந்தவர். கீழ்வீட்டில் அவர், மேல்வீட்டில் அண்ணை குடும்பம். அண்ணை அகதியாக வந்த முதல் குளிர்காலத்தில், மெல்லிய ஒரு கோட்டோடு படியேறிய மனிதரைப் பார்த்து, கொன்செத்தா அந்தச் சட்டி நிறைய எண்ணெயில் ஊறிய கத்தரிக்காயை மேலே அனுப்பினார். அண்ணை அதில் இடியப்பம் வைத்துக் கீழே அனுப்பினார். அவ்வளவுதான். அந்தச் சட்டி இருபத்தைந்து வருடம் அந்தப் படிகளில் ஏறி இறங்கியது.

ஒருநாள் அண்ணையின் மனைவிக்கு முழங்கால் ஒப்பரேசன். அண்ணை இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே நின்றார். திரும்பி வந்தால் கீழ்வீடு காலி. மகன் வீட்டை விற்று, தாயைச் சொந்த ஊருக்கே, தாயின் தங்கையிடம் கூட்டிப் போய்விட்டான். சட்டி மட்டும் மேலே அண்ணையின் அடுப்படியில்.

“பாசலில அனுப்புங்கோவன் அண்ணை” என்றேன். பக்கத்து வீட்டில் குடியிருந்த பாவத்துக்கு ஆலோசனை சொல்வது என் வழக்கம்.

“தபால்காரன் குடுக்கிறதும் நான் குடுக்கிறதும் ஒண்டே?”

ஒவ்வொரு மார்கழியும் நத்தார்ப் பண்டிகைக்குக் கொன்செத்தாவிடமிருந்து ஒரு வாழ்த்து மட்டை வரும். கடந்த நத்தாருக்கு வரவில்லை. தை பிறந்தும் வரவில்லை. அண்ணை கனநேரம் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இனிப் பொறுக்கேலாது, நான் போறன்” என்றார். “என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கையும் இந்த மனுசனுக்கு இவ்வளவு அவசரம் இருக்கேல்லை” என்றார் அவர் மனைவி. அந்தக் காலோடு அவரால் மலை ஏற முடியாது. ஆகவே துணைக்கு நான். நான் ஒருகாலத்தில் பிட்சாக் கடையில் வேலை செய்தவன், இத்தாலியன் கொஞ்சம் தெரியும் என்று எப்போதோ அளந்திருந்தேன். தன் வாயால் கெட்ட தவளை நான்.

சட்டி நிறையப் பயத்தம் பணியாரம். வேட்டித் துண்டால் கட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

“பெட்டிக்குள்ள வையுங்கோ அண்ணை.”

“பெட்டி ஏத்தினவன் ஒருத்தனும் தன்ர சட்டியைப் பெட்டிக்குள்ள வைக்கமாட்டான் தம்பி.”

அத்திலாந்திக்கை அந்தச் சட்டி அவர் மடியில் கடந்தது. சாப்பாட்டுத் தட்டு வைக்க இடமில்லை. அவருடைய தட்டையும் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நேப்பிள்ஸில் இறங்கி இரண்டு பஸ் மாறினோம். கடைசி பஸ் மலை அடிவாரத்தில் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஊர் மேலே இருந்தது. படி, படி, பிறகும் படி. எனக்கு மூச்சு வாங்கியது. எழுபத்திரண்டு வயது அண்ணை சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே போனார். “இருந்து ஆறுவம் அண்ணை.” “இருந்தால் எழும்பமாட்டீர். வாரும்.”

மத்தியானம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தது. படிகள் முடிகிற இடத்தில் ஒரு சுவர். அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அண்ணை நின்றார்.

யாழ்ப்பாணத்தானுக்கு அந்தத் தாளை வாசிக்க இத்தாலியன் தேவையில்லை. கறுப்புக் கரை. நடுவே பெரிய எழுத்தில் ஒரு பெயர். கீழே சின்ன எழுத்தில் பெற்றார் பிள்ளைகள் மருமக்கள். எங்கள் ஊர் மதில்களும் லைற் போஸ்ற்றுகளும் காலம்காலமாகச் சொல்கிற மரணச் செய்திதான். கொன்செத்தா. குடும்பப் பெயரும் அவருடையதே. பக்கத்தில் வயதுபோல 88 என்ற எண்.

அண்ணை சட்டியைத் தலையிலிருந்து இறக்கினார். சத்தமில்லாமல் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டுச் சட்டியைப் பார்த்தார்.

“தம்பி, செத்தவீட்டுக்குப் பலகாரத்தோட போறதே?”

“போகக் கூடாதுதான்.”

“எறியவும் ஏலாது.”

சந்தியில் சாத்தியிருந்த கோப்பிக்கடை வாசலில் மூன்று கிழவர்கள் கடதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணை அவர்கள் நடுவே சட்டியை அவிழ்த்து வைத்தார். கிழவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காளான் தூக்கலாக, வெங்காயம் இல்லாமல் என்று இத்தாலியனில் சொல்லத் தெரியும். ஆழ்ந்த அனுதாபம் சொல்லத் தெரியாது. கையைக் காட்டினேன். சாப்பிட்டார்கள். எவ்வளவு சாப்பிட்டார்கள் என்றால், கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதை ஒரு கிழவர் லேஞ்சித் துணியில் சுற்றிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். அண்ணை தெருக்குழாயில் சட்டியைக் கழுவினார்.

“வெறுஞ்சட்டியை அந்த மனுசியின்ர காலடியில வைச்சுக் கும்பிட்டிட்டு வருவம்.”

நத்தார் மட்டையில் இருந்த விலாசத்தைக் காட்டிக் காட்டி வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் சனம் இல்லை. “செத்தவீடெண்டால் நாலு கதிரையாவது வெளியில கிடக்காதோ அண்ணை?” என்றேன்.

“பிரேதத்தை வெள்ளன எடுத்திருப்பினம்” என்றுவிட்டுக் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது. ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணில் பஞ்சுக்கட்டோடு, கொன்செத்தா நின்றார். அண்ணையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இருபத்தைந்து வருடமாகப் படிகளில் கேட்டுப் பழகிய தமிழில் கேட்டார்.

“சாப்பிட்டியோ?”

கத்தியது நான்தான். அண்ணை கத்தவில்லை. செத்த மனுசி உயிரோடு நிற்கிறார், அண்ணையின் கண் போனது தன் கையிலிருந்த சட்டிக்கு. சட்டென்று அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“தம்பி, வெறுஞ்சட்டி! நீர் கதைச்சுக்கொண்டிரும், நான் வாறன்” என்றவர் படிகளில் ஓடியே போய்விட்டார்.

நானும் கொன்செத்தாவும் மொன்றியல் பிரெஞ்சில் பேசினோம். செத்தது அவருடைய சிறிய தகப்பனின் மகளாம். பாட்டியின் பெயரைப் பேத்திகள் எல்லோருக்கும் வைப்பது அந்த ஊர் வழக்கமாம். சுவரில் பார்த்தபோது தனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது என்றார். மட்டை எழுதாததற்குக் காரணம் கண்தான். நான் சட்டியின் கதையைச் சொன்னேன். கிழவி சிரிக்கவில்லை.

“வீடு மாறின அன்று என் மகன் மேலே போய் எடுத்து வரட்டுமா என்று கேட்டான். நான்தான் விடவில்லை. சட்டி மேல்வீட்டுக்காரனிடம் இருந்தால் என்றைக்காவது வருவான் என்று எனக்குத் தெரியும்.”

அண்ணை வியர்த்து வழிந்து திரும்பி வந்தார். பின்னால் வேடிக்கை பார்க்க மூன்று கிழவர்கள். கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. சட்டியின் நடுவில் ஒரே ஒரு பயத்தம் பணியாரம் இருந்தது. அதில் லேஞ்சியின் நூல் ஒட்டியிருந்தது. பொக்கற்றில் வைத்த கிழவருக்குக் கொஞ்சம் கோபம்.

அண்ணை இரண்டு கையாலும் சட்டியை நீட்டினார். கொன்செத்தா பணியாரத்தை எடுத்து மூன்றாக உடைத்து, எங்களுக்கும் தந்து, தானும் சாப்பிட்டார். பிறகு சட்டியோடு உள்ளே போனார். அண்ணை பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன். அவருக்குத் தெரிந்து, யாருடைய பாத்திரமும் தன்னிடம் இல்லாத முதல் நிமிடம் அது.

அது ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த கொன்செத்தா, விளிம்பு முட்ட எண்ணெய்க் கத்தரிக்காயோடு சட்டியை அவர் கையில் வைத்து, கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அண்ணை சட்டியைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“தம்பி, சித்திரையில இங்க குளிரோ?”

என் வீட்டுப் பிரிட்ஜின் மேலே எட்டு மாதமாக அண்ணையின் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் படியேறி வந்து, “தம்பி, என்ர மூடி?” என்று கேட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். “பேந்து தாறன் அண்ணை” என்கிறேன். கழுவித் துடைத்துப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். கொடுப்பதாக இல்லை.