மூன்று ஒயரும் ஒரு மச்சானும்

என் மனைவி வாயால் ஒரே ஒரு பாராட்டு வாங்கிவிடுவது என்று சனிக்கிழமை காலை பல் துலக்கும்போது சபதம் எடுத்தேன்.

இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்தவன் நான். ராட்சச கிரேன் மோட்டார்களை 'மெல்லப் போ, வேகமாப் போ' என்று ஆட்டிவைக்கும் டிரைவ்களை வடிவமைத்தவன். திரும்பி வந்து ஆறு மாதம் ஆகிறது. இங்கே மிக்ஸிகூட என்னை மதிப்பதில்லை.

அவளுக்கு எல்லாமே முனைக்கடை மோட்டார் மெக்கானிக்தான்.

"அண்ணன் கைய வச்சாரு, பம்பு பூனைக்குட்டியாட்டம் ஆயிடுச்சு!"

"நானும்தான் கை வைப்பேன்."

"நீங்க கன்னத்துலதான் வைப்பீங்க."

அவளுக்கு அவர் அண்ணன். அதனால் எனக்கு மச்சான். போதாததற்கு என்னை "மாப்ளே" என்கிறார். நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட வழியில்லாத உறவு.

எங்கள் பம்பு மோட்டாருக்கு மூன்று மின்கம்பிகள். எந்த இரண்டை இடம் மாற்றினாலும் அது எதிர்ப்பக்கம் சுற்றும். உறுமல் கேட்கும், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. மச்சான் வருவார், விழிப்பார். நான் போய்ச் சரிசெய்வேன். இதுதான் திட்டம். அவள் கடைக்குப் போன நேரத்தில் மெயினை அணைத்து, இரண்டு ஒயரை மாற்றிவிட்டேன்.

தண்ணீர் ஏறவில்லை என்று அவள் கூப்பிட, மெக்கானிக் வந்தார். பம்பின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"தலைகீழாச் சுத்துது, தங்கச்சி."

மூன்று விநாடி! எனக்கு வயிறு எரிந்தது. மின்சாரத்தை அணைத்துவிட்டு மோட்டாரின் ஒயர் பெட்டியைத் திறந்தவர், அவளைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். ஒயர் முனைகளுக்கெல்லாம் தொப்பி. தொப்பிக்கு மேல் நம்பர் ஒட்டிய சீட்டு. மூன்றும் ஒரே அளவில் வளைந்திருந்தன. சதிவேலைதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அரைகுறையாகச் செய்ய என் கை சம்மதிக்கவில்லை.

"இவ்வளவு அழகா இந்தத் தெருவுல யாருக்கும் கெடுக்கத் தெரியாது, மாப்ளே" என்றார்.

"எலியா இருக்கும்..." என்றேன்.

"எலி நம்பர் ஒட்டுமாக்கும்!" என்றாள் அவள். கோபமே இல்லை. அவர் பக்கம் திரும்பினாள். "சொன்னேன்ல அண்ணே? உங்களை இன்னும் கொஞ்சம் புகழ்ந்தா இவர் ஸ்குரூ டிரைவரைத் தொட்டுடுவாருன்னு!"

"அப்ப ஆறு மாசமா நீ பாடின பாட்டெல்லாம்?"

"பின்ன? நீங்க சோபாவை விட்டு எந்திரிக்க வேணாமா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "இப்ப வர்ற பம்பெல்லாம் டிரைவோட வருது, மாப்ளே. எனக்கு அது பிடிபடல. கடைக்கு ஒரு ஆள் வேணும்."

"திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு அனுப்பிடறேன்" என்றாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"கேக்கறேன். முதல்ல ஒயரை மாத்துங்க, தண்ணி ஏறட்டும்."

உட்கார்ந்து மாற்றினேன். என் முதுகுக்குப் பின்னால் மெக்கானிக் தணிந்த குரலில் சொன்னார்:

"கை கொஞ்சம் மெதுவு, தங்கச்சி. பரவால்ல, போகப்போகப் பழக்கிடலாம்."