குழாய்க்குள் குடியிருப்போர் கவனத்துக்கு

குடிநீர்க் குழாயில் கிருமி சேர்ந்தால் குளோரின் கலந்து கொல்ல வேண்டும். இது எங்கள் ஊர் குடிநீர் அலுவலகத்துக்கும் தெரியும். பம்ப் ஆபரேட்டர் ஒருநாள் உடைந்த குழாயை மாற்றும்போது, உள்சுவரெங்கும் கிருமிகள் வழவழவென்று படிந்திருப்பதைப் பார்த்தார். குளோரின் அளவைக் கூட்ட அனுமதி கேட்டு எழுதினார். அவர் மகளுக்கே மூன்று நாளாக வயிற்றுப்போக்கு.

கோப்பு புது அதிகாரியிடம் போனது. அவர் முன்பு ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவில் பேர் வாங்கியவர்.

"எத்தனை வருஷமா உள்ள இருக்குதுங்க?"

"பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும் சார்."

"அப்ப நோட்டீஸ் கொடுக்காம காலி பண்ண முடியாதுப்பா. நாளைக்குக் கோர்ட்டுல யார் பதில் சொல்றது?"

'மேற்படி குழாயில் அனுமதியின்றி வசித்துவரும் நுண்ணுயிர்கள் பதினைந்து நாட்களுக்குள் வெளியேற வேண்டும்' என்று நோட்டீஸ் தயாரானது. நனையாமல் இருக்க லேமினேஷன் செய்தார்கள். ஆபரேட்டர் தோள்வரை கையை விட்டுக் குழாய்க்குள் ஒட்டினார். கெடு முடியும்வரை வழக்கமான குளோரினையும் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் ஆபரேட்டர் குளோரின் டிரம்மைத் திறக்கப் போனார். அதிகாரி தடுத்தார். கிருமி அரை மணிக்கொரு தடவை பெருகும் என்று ஆய்வகம் எழுதியிருந்ததாம். நோட்டீஸ் வாங்கியவை எல்லாம் காலமாகிவிட்டன, இப்போது இருப்பவை வாரிசுகள், வாரிசுகளுக்குத் தனி நோட்டீஸ் வேண்டும் என்றார். அரை மணிக்கொரு நோட்டீஸ் ஒட்ட ஒரு குமாஸ்தாவை நியமித்தார்கள். அதற்குள் பாதித் தெரு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டது.

ஆபரேட்டர் அதிகாரியின் மேஜைமுன் போய் நின்றார்.

"சார், என் பொண்ணுக்கு மூணாவது பாட்டில் ஏறுது. டிரம்மை நான் திறந்துடறேன். அப்புறம் எனக்கு என்ன நோட்டீஸ் வேணும்னாலும் கொடுங்க."

"வயித்துல கிருமி இருக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரா?"

கொடுத்திருந்தார். சீட்டைப் படித்த அதிகாரியின் முகம் மலர்ந்தது. மறுநாளே ஆணை வந்தது: 'நோட்டீசை மதித்து மேற்படி நுண்ணுயிர்கள் தாமாகவே வெளியேறி, பொதுமக்களின் வயிற்றில் குடியேறிவிட்டன. எனவே குளோரின் தேவையில்லை.' டிரம் வண்டியேறித் திரும்பிப் போனது. வயிறு எரிந்தது எங்களுக்கு.

அடுத்த வாரம் வீட்டுக்கு வீடு நோட்டீஸ். அரசு இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டோருக்கு அடைக்கலம் கொடுத்த குற்றத்துக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். டிரம்மைத் திறக்கப் போனதற்கும் சேர்த்து ஆபரேட்டருக்கு இரண்டு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளுக்குத் தனியாக ஒன்று.

விளக்கம் கொடுக்க அலுவலக வாசலில் வெயிலில் வரிசையாக நின்றோம். அலுவலகத்தில் இரக்கமுள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு தம்ளர் குழாய்த் தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டோம்.